21 விநாடி மௌனம்

வங்கி, ரயில் முன்பதிவு, பத்திரப்பதிவு, இ-சேவை மையம் என்று எங்கே வரிசையில் நின்றாலும் என்றாவது ஒருநாள் அந்த வாக்கியம் காதில் விழுந்திருக்கும்: “சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க.” அரை நிமிடம் கழித்துத் திரை தானாகவே நகரும். வரிசையும் நகரும். என்ன நடந்தது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

அந்த இயந்திரத்திலோ, அது பேசிக்கொண்டிருந்த சர்வரிலோ லினக்ஸ் இயங்குதளம் ஓடினால், அதன் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம். சில சமயம் அங்கே இப்படி ஒரு வரி இருக்கும்: 2-ஆம் கோர் 21 விநாடியாக நகரவில்லை.

இங்கேதான் புதிர். நின்றுபோன கணினி, தான் நின்றுபோனதை எப்படிக் குறித்துவைத்தது? 21 விநாடி என்று எண்ணியது யார்? இந்த வரியை வைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அந்த வழியைத்தான் இந்த அத்தியாயம் படிப்படியாகப் பார்க்கிறது.

நொடிக்கு 250 தட்டல்

இன்றைய ப்ராசஸர்களில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கோர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கோரும் தனியாகக் கணக்குப் போடக்கூடியது. சாதாரண மேசைக் கணினியில் நான்கோ எட்டோ இருக்கும், பெரிய சர்வரில் நூற்றுக்கு மேல் இருக்கும். எந்தக் கோரில் எந்த வேலை எவ்வளவு நேரம் ஓடலாம் என்று முடிவு செய்வது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு. நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இருப்பவை அத்தனையும் லினக்ஸ் இயந்திரங்கள்.

கெர்னலின் அதிகாரம் ஒரு கடிகாரத்தில் இருக்கிறது. பல லினக்ஸ் கணினிகளில் வேலையாக இருக்கும் ஒவ்வொரு கோரையும் இந்தக் கடிகாரம் நொடிக்கு 250 முறை தட்டுகிறது. 4 மில்லி விநாடிக்கு ஒரு தட்டல். இதை டிக் என்பார்கள். தட்டல் வந்ததும் கோர் செய்துகொண்டிருந்ததை நிறுத்தி, கெர்னலைக் கவனிக்கும். இப்படி வேலையின் நடுவே வரும் அழைப்புக்குக் குறுக்கீடு என்று பெயர். நாம் ஓட்டும் ஒரு புரோகிராம் முடிவில்லாமல் சுழன்றாலும் அடுத்த டிக்கில் கெர்னல் கோரைப் பிடுங்கி இன்னொரு வேலைக்குக் கொடுத்துவிடும். அதனால்தான் பிரவுசர் உறைந்துபோனாலும் மவுஸ் நகர்கிறது.

கெர்னலே சுழன்றுகொண்டிருந்தால் நிலைமை வேறு. அதனிடமிருந்து கோரைப் பிடுங்க மேலே ஆள் இல்லை. மேலும், சில நுட்பமான வேலைகளைச் செய்யும்போது கெர்னல் குறுக்கீடுகளையே அடைத்துவைக்கும். ஒரு நொடியின் லட்சத்தில் சில பங்கு நேரம் அடைத்துவிட்டு உடனே திறந்துவிட வேண்டும் என்பது விதி. ஏதோ ஒரு பிழையால் அந்த நேரம் விநாடிக்கணக்கில் நீண்டால் அந்தக் கோர் மற்றவர்களுக்கு இல்லாமல் போகிறது. இந்த நிலையைத் தேக்கம் என்று அழைப்போம்.

கல்பாக்கத்தில் மௌனத்தின் பொருள்

தேக்கம் ஏன் ஆபத்து என்பதை மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தில் தெளிவாக உணரலாம். அங்கே 1980-களிலிருந்து சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகள் இருக்கின்றன. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாகத் தொடர்வினையை எட்டியது. 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் மையத்தை நிரப்பும் பணி 2024 மார்ச் 4 அன்று தொடங்கியது. இந்த உலையில் வெப்பத்தைச் சுமந்து செல்வது உருகிய சோடியம். உலையின் மையத்துக்குள் 397 டிகிரி செல்சியஸில் நுழைந்து 547 டிகிரியில் வெளியேறும்படி வடிவமைத்திருக்கிறார்கள். எரிபொருள் கட்டுகளுக்கு மேலே இருக்கும் வெப்ப உணரிகளைக் கணினிகள் இடைவிடாமல் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படி ஒரு கணினி தேங்கிவிட்டால் திரையில் என்ன தெரியும்? கடைசியாகப் படித்த எண் அப்படியே நிற்கும். 547 என்று நிற்கும். உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருந்தாலும் திரையில் எல்லாம் நலம். கெட்டுப்போன கருவி தப்பான எண்ணைக் காட்டினால் அனுபவமுள்ளவர் சந்தேகப்படுவார். நின்றுபோன கருவி காட்டும் சரியான பழைய எண்ணைச் சந்தேகப்படுவது கடினம். தேக்கத்தின் கொடுமை இதுதான்.

ஆகவே பாதுகாப்புக்கு உயிர்நாடியான இடங்களில் மௌனத்தையே கோளாறாக எடுத்துக்கொள்கிறார்கள். கணினிக்கு வெளியே தனியாக ஒரு மின்சுற்று இருக்கும். அதற்குக் காவல் கடிகாரம் என்று பெயர் வைக்கலாம். கணினி குறித்த இடைவெளியில் அதற்கு ஒரு சமிக்ஞை தரவேண்டும். தராவிட்டால், காரணம் எதுவானாலும், கணினி செயலிழந்ததாகக் கொண்டு அடுத்த ஏற்பாட்டுக்கு மாறும். இதோடு ஒரே அளவீட்டை மூன்று தனிக் கணினிகள் செய்து, மூன்றில் இரண்டு சொல்வதை ஏற்கும் முறையும் உண்டு. ஒன்று தேங்கினாலும் மற்ற இரண்டும் உலையைக் காக்கும்.

வெளியிலிருக்கும் காவல் கடிகாரத்துக்கு ஒரு குறை உண்டு. கணினி நின்றுவிட்டது என்று அது சொல்லும், ஏன் நின்றது என்று சொல்லாது. கணினியைத் திரும்பத் துவக்கினால் உள்ளே இருந்த தடயங்களும் போய்விடும். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் இப்படித்தான் மீண்டும் மீண்டும் தன்னைத் துவக்கிக்கொண்டது. முக்கியமான ஒரு பணி உரிய நேரத்தில் முடியவில்லை என்பது மட்டும் அதன் கணினிக்குத் தெரிந்தது. பூமியில் வைத்திருந்த நகலில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்த பிறகே காரணம் பிடிபட்டது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது, முன்னுரிமை மிகுந்த பணி அதற்காகக் காத்துக்கிடந்தது. தேக்கத்தில் காத்திருப்பவர் ஒருவர், காக்கவைப்பவர் வேறொருவர் என்பதை இந்த நிகழ்ச்சியிலிருந்து மனத்தில் இருத்திக்கொள்வோம்.

உள்ளேயே மூன்று காவல்

காரணமும் வேண்டும் என்றால் காவல் கணினிக்குள்ளேயே இருக்க வேண்டும். லினக்ஸ் கெர்னல் மூன்று விதமாகக் காவல் வைக்கிறது.

முதலாவது, ஒவ்வொரு கோரிலும் மிக உயர்ந்த முன்னுரிமையோடு ஒரு சின்னஞ்சிறு பணி. அது செய்வதெல்லாம் “நான் ஓடினேன்” என்று நேரத்தைக் குறித்துவைப்பதுதான். 4 விநாடிக்கு ஒருமுறை ஒரு குறுக்கீடு வந்து அந்தக் குறிப்பைப் பார்க்கும். குறிப்பு 20 விநாடிக்கு மேல் பழையதாக இருந்தால், கோர் குறுக்கீடுகளைக் கேட்கிறது, ஆனால் வேலை மாற மறுக்கிறது என்று பொருள். இது மென்தேக்கம்.

இரண்டாவது, அந்தக் குறுக்கீடே வராத நிலைக்கானது. அடைக்கவே முடியாத ஒரு தனிவகைக் குறுக்கீடு இன்டெல் வகை ப்ராசஸர்களில் உண்டு. அது அவ்வப்போது எழுந்து, முதல் காவலின் கடிகாரம் நகர்கிறதா என்று பார்க்கும். ஏறத்தாழ 10 விநாடி நகராவிட்டால் அது வன்தேக்கம்.

நின்றுபோன கோரைப் பற்றி எழுதியது யார் என்ற நம் கேள்விக்குப் பாதி விடை இதிலேயே கிடைத்துவிட்டது. கோர் முழுவதும் நின்றுபோவது அபூர்வம். அதன் ஏதோ ஓர் அடுக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அந்த அடுக்கு எழுதும். மறுபாதி விடை மூன்றாவது காவலில் இருக்கிறது. நம் புதிரின் 21 விநாடி அங்கிருந்துதான் வருகிறது.

பழைய அட்டவணையை எப்போது கழற்றலாம்?

கெர்னல் எண்ணற்ற பட்டியல்களை வைத்திருக்கிறது: எந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன, எந்தத் தகவல் பொட்டலம் எந்த வழியில் போக வேண்டும், இப்படி. இவற்றை எல்லாக் கோர்களும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படிக்கின்றன, மாற்றுவது எப்போதாவதுதான். படிக்கும் ஒவ்வொரு முறையும் பூட்டிப் படித்துத் திறந்தால் கோர்கள் ஒன்றுக்கொன்று காத்தே நேரம் போய்விடும்.

செங்கல்பட்டு சந்திப்பில் ரயில் நேர அட்டவணையை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். பழைய பலகைக்குப் பக்கத்தில் புதியதை மாட்டுகிறார்கள். இனி வருகிறவர்கள் புதியதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. பழைய பலகைக்கு முன்னால் ஏற்கெனவே நிற்பவர்களை யாரும் விரட்டுவதில்லை. அவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்து முடித்து நகர்ந்த பிறகு பழைய பலகையைக் கழற்றலாம். யாரையும் தடுக்காமல் வேலை முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு நிபந்தனை: அங்கே நிற்பவர் ஒவ்வொருவரும் எப்போதாவது நகர்ந்தாக வேண்டும்.

கெர்னலில் இந்த முறைக்கு ஆர்.சி.யு. என்று பெயர். “படி, நகலெடு, புதுப்பி” என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பால் மெக்கென்னி, ஜாக் ஸ்லிங்வைன் இருவரும் 1990-களின் தொடக்கத்தில் சீக்வென்ட் நிறுவனத்தின் இயங்குதளத்துக்காக இதை உருவாக்கினார்கள். 2002 அக்டோபரில் இது லினக்ஸுக்குள் வந்தது. அதைக் கொண்டுவந்து சேர்த்ததில் பெங்களூரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் லினக்ஸ் பிரிவில் பணியாற்றிய திபங்கர் சர்மாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. இன்று உலகம் முழுக்க ஓடும் கோடானுகோடி கருவிகளில் அந்த வேலை இருக்கிறது.

ஒரு கோர் வேறு வேலைக்கு மாறினாலோ, சும்மா இருந்தாலோ, பயனரின் புரோகிராமுக்குத் திரும்பினாலோ, அது பழைய பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கவில்லை என்பது உறுதி. இதை விடுபட்ட கணம் என்போம். எல்லாக் கோர்களும் ஒருமுறையாவது விடுபட்ட கணத்தைக் கடக்கும்வரை இருப்பது காத்திருப்புக் காலம். வழக்கமாக இது சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். ஒரு கோர் விடுபடவே இல்லை என்றால் தூக்கியெறிய வேண்டிய பழைய நகல்கள் நினைவகத்தில் சேர்ந்துகொண்டே போகும். முற்றினால் நினைவகமே தீர்ந்துபோகும். ஆகவே காத்திருப்புக் காலம் 21 விநாடியைத் தாண்டினால் கெர்னல் எச்சரிக்கை எழுதுகிறது. மூலக் கெர்னலில் வழக்கமான எல்லை இது, வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளலாம். காத்திருப்பவை மற்ற கோர்கள் என்பதால் அவற்றில் ஒன்றும் எழுதலாம். ஆக, மௌனத்தைப் பதிவு செய்வது பெரும்பாலும் ஒரு சாட்சி.

இறால் பொரிப்பகத்தில் ஒரு கணினி

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை தொடர்ந்து பார்ப்போம். இந்த எடுத்துக்காட்டு நாம் கற்பனை செய்துகொள்வது. ஆனால் இதில் வரும் காரணத்தை லினக்ஸ் கெர்னலோடு வரும் ஆவணமே தேக்கத்தின் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக இறால் பொரிப்பகங்கள் இருக்கின்றன. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையமும் இருக்கிறது. நம் கற்பனைப் பொரிப்பகத்தில் தொட்டிகளில் 60 உணரிகள். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன், வெப்பம், உப்புத்தன்மை ஆகியவற்றை அளக்கின்றன. நான்கு கோர் கொண்ட, இன்டெல் வகை ப்ராசஸர் பொருத்திய சிறு தொழிற்சாலைக் கணினி அவற்றைப் படித்து, தேவைப்படும்போது காற்றூட்டியை இயக்குகிறது. அந்தக் கணினியிலிருந்து சீரியல் கேபிள் ஒன்று பக்கத்து அறைக்குப் போகிறது. கெர்னல் சொல்லும் செய்திகளெல்லாம் அதன் வழியாக ஒரு பழைய திரையில் ஓடும். செய்தி ஓடும் அந்த இடத்துக்குக் கன்சோல் என்று பெயர்.

மாதக்கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒருநாள் முதல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை காற்றூட்டிக்கான கட்டளை தாமதமாகப் போகிறது. பதிவேட்டில் தேக்க எச்சரிக்கை வருகிறது. ப்ராசஸர் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். மாற்றுவதற்கு முன் அறிக்கையைப் படிப்போம்.

அறிக்கை வரிவரியாக

அறிக்கையின் சாரத்தைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

ஆர்.சி.யு.: தேக்கம் கண்டறியப்பட்டது.
தேங்கியது கோர் 2. இந்தக் காத்திருப்புக் காலத்தில் அது பெற்ற டிக் 252.
கண்டறிந்தது கோர் 0. கடந்த நேரம் 5,252 டிக்.

முதலில் யார் யார் என்று பிரிப்போம். எழுதியது கோர் 0, தேங்கியது கோர் 2. அவசரத்தில் படிக்கிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். கோர் 0 சாட்சி மட்டுமே.

அடுத்து நேரம். நொடிக்கு 250 டிக் என்றால் 21 விநாடிக்கு 5,250. இங்கே 5,252 என்று இருக்கிறது. கூடுதலாக இருக்கும் அந்த 2 டிக் தற்செயல் கிடையாது. எல்லையைத் தாண்டியதும் தேங்கிய கோரே முன்வந்து சொல்ல ஒரு வாய்ப்புத் தருகிறார்கள். 2 டிக் கழித்தும் அது சொல்லவில்லை என்றால்தான் மற்றவை எழுதலாம். ஆகவே கோர் 2 அந்த 8 மில்லி விநாடிக்குள் ஒரு டிக்கைக்கூடக் கேட்கவில்லை.

மிக முக்கியமான எண் 252. எல்லாம் சரியாக இருந்தால் 21 விநாடியில் ஒரு கோர் 5,250 டிக்குகளைக் கேட்டிருக்கும். அந்த அளவுக்கு நெருங்கிய எண் இங்கே இருந்திருந்தால், குறுக்கீடுகள் திறந்தே இருந்தன, கோர் ஏதோ ஒரு சுழலில் மாட்டியிருந்தது என்று முடிவு செய்யலாம். 0 என்று இருந்திருந்தால், குறுக்கீடுகள் முழுக்க அடைபட்டிருந்தன, அல்லது கடிகாரமே நின்றுவிட்டது. 252 இரண்டிலும் சேரவில்லை. 21 விநாடியில் 252 என்றால் நொடிக்கு 12. அதாவது கோர் 2 நொடிக்கு 12 முறை மட்டும் குறுக்கீடுகளைத் திறந்து உடனே அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 83 மில்லி விநாடி அடைப்பு.

இந்தக் கணினியில் 83 மில்லி விநாடி பிடிக்கும் வேலை எது?

அறிக்கையின் அடுத்த பகுதி அதற்கு உதவுகிறது. கோர் 0, அடைக்கமுடியாத அந்தக் குறுக்கீட்டைக் கோர் 2-க்கு அனுப்பி, “இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறாய், யார் அழைத்து அங்கே போனாய்?” என்று கேட்கிறது. பதில் ஒரு வரிசையாக வரும். இதை அழைப்புத் தடம் என்போம். நம் தடத்தில், மேலிருந்து கீழாக: சீரியல் போர்ட் ஓர் எழுத்தை அனுப்பி முடிக்கக் காத்திருக்கும் பகுதி, அதை அழைத்தது கன்சோலுக்கு எழுதும் பகுதி, அதை அழைத்தது செய்தி அச்சிடும் பகுதி, அதை அழைத்தது உணரிகளைப் படிக்கும் டிரைவர், அதை அழைத்தது கெர்னலின் நேரங்காட்டி. மேல்வரி கோர் எங்கே நின்றது என்பதைக் காட்டுகிறது. கீழே போகப் போக எதற்காக அங்கே போனது என்பது தெரிகிறது. கோர் 2 தேங்கி நின்ற அந்தக் கணத்தில் செய்துகொண்டிருந்த வேலை, ஒரு செய்தியைத் திரைக்கு எழுதுவது.

ஓர் எழுத்துக்கு எவ்வளவு நேரம்?

இனி மிச்சமிருப்பது கூட்டல் கழித்தல்தான். சீரியல் கேபிளின் வேகம் நொடிக்கு 9,600 துண்டு (பிட்) என்று வைத்திருக்கிறார்கள். ஓர் எழுத்துக்குத் தொடக்கக் குறி, 8 துண்டு, முடிவுக் குறி என மொத்தம் 10 துண்டு. ஆகவே நொடிக்கு 960 எழுத்து. ஒரு வரிக்கு 80 எழுத்து என்றால் நொடிக்கு 12 வரி. அறிக்கையில் கிடைத்த 12-உம் இதுவும் அச்சாகப் பொருந்துகின்றன. ஒரு வரியை அனுப்பும்வரை கெர்னல் குறுக்கீடுகளை அடைக்கிறது, வரி முடிந்ததும் திறக்கிறது, அந்த இடைவெளியில் ஒரே ஒரு டிக் நுழைகிறது.

அப்படியானால் எத்தனை வரி? கடற்கரையின் உப்புக் காற்று உணரிகளின் கேபிள் இணைப்பை அரித்திருக்கிறது. அவ்வப்போது உணரிகளின் பேச்சு மொத்தமாக அறுந்துபோகிறது. டிரைவர் ஒவ்வோர் உணரியையும் 5 முறை கேட்டுப் பார்க்கிறது, ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வரி எழுதுகிறது. 60 உணரிக்கு 300 வரி. நொடிக்கு 12 வரி வீதம் 25 விநாடி. இந்த 25 விநாடியும் நேரங்காட்டியின் ஒரே அழைப்புக்குள் நடப்பதால் கோர் 2 வேறு வேலைக்கு மாறவே முடியாது. 21-ஆம் விநாடியில் ஆர்.சி.யு. எச்சரிக்கிறது.

இன்னொரு சின்னப் புதிரும் இதில் அவிழ்கிறது. மென்தேக்கக் காவலின் எல்லை 20 விநாடிதானே, அது ஏன் முதலில் எச்சரிக்கவில்லை? கன்சோல் மெதுவானது என்பது கெர்னலை எழுதியவர்களுக்குத் தெரியும். எனவே சீரியல் கன்சோலுக்கு எழுதும் பகுதி ஒவ்வொரு முறையும் மென்தேக்க, வன்தேக்கக் காவல்களிடம் “நான் உயிரோடுதான் இருக்கிறேன்” என்று சொல்லிவிடுகிறது. ஆர்.சி.யு.விடம் அது அப்படிச் சொல்வதில்லை. விடுபட்ட கணம் வந்ததா இல்லையா என்பது ஒன்றே அதற்குக் கணக்கு. முதல் இரண்டு காவல்களும் பேசாமல் இருந்து ஆர்.சி.யு. மட்டும் பேசினால், அந்த வேறுபாடும் ஒரு தடயம்.

சந்தேகத்தைச் சோதிப்பது

எண்கள் பொருந்திவிட்டன என்பதற்காக வழக்கை மூடிவிடக் கூடாது. நம் விளக்கம் சரியென்றால் என்னென்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

கெர்னல் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை முக்கியத்துவ எண் உண்டு. எந்த எண்வரை கன்சோலுக்குப் போகலாம் என்று மாற்ற முடியும். டிரைவரின் புலம்பல்கள் கன்சோலுக்குப் போகாதபடி எல்லையைக் குறைக்கிறோம். பதிவேட்டில் அவை வழக்கம்போல் சேரும். உணரி இணைப்பைக் கையால் கழற்றுகிறோம். 300 வரி பதிவேட்டில் விழுகிறது, தேக்கம் வரவில்லை. எல்லையைப் பழையபடி வைத்து மீண்டும் கழற்றுகிறோம். தேக்கம் வருகிறது. பிறகு சீரியல் கேபிளின் வேகத்தை 1,15,200-க்கு உயர்த்துகிறோம். நொடிக்கு 144 வரி, 300 வரிக்கு 2 விநாடிதான் ஆக வேண்டும், எச்சரிக்கை வரக்கூடாது. அப்படியே ஆகிறது. கோளாறை வரவழைக்கவும் போக்கவும் கற்றுக்கொண்ட பிறகுதான் காரணம் தெரியும் என்று சொல்ல நமக்கு உரிமை வருகிறது.

வேகத்தை உயர்த்தியதோடு நின்றுவிடலாமா? கூடாது. 2 விநாடி அடைப்பும் காற்றூட்டிக்கு அதிகம்தான். டிரைவரைத் திருத்த வேண்டும். 5 விநாடிக்கு 10 வரிக்கு மேல் எழுதாதே என்று கட்டுப்படுத்தும் வசதி கெர்னலிலேயே தயாராக இருக்கிறது. திரும்பத் திரும்ப முயலும் வேலையை நேரங்காட்டியின் அழைப்பிலிருந்து எடுத்து, இடையில் கோரை விட்டுக்கொடுக்கும் தனிப் பணியாக மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரித்துப்போன இணைப்பை மாற்ற வேண்டும். ப்ராசஸர் நன்றாகத்தான் இருக்கிறது.

செய்தி அச்சிடுவது இத்தனை பெரிய விஷயமா என்று தோன்றலாம். லினக்ஸை நேரம் தவறாத கட்டுப்பாட்டு வேலைகளுக்கு ஏற்றதாக்கும் முயற்சி ஏறத்தாழ 20 ஆண்டுகள் நடந்தது. 2024-இல் வந்த 6.12 பதிப்பில்தான் அது மூலக் கெர்னலில் முழுமையாகச் சேர்ந்தது. கடைசிவரை வழிமறித்து நின்ற சிக்கல், கெர்னல் தன் செய்திகளை அச்சிடும் இந்தப் பகுதிதான்.

வேறு காரணங்கள்

எல்லாத் தேக்கமும் கன்சோலால் வருவதில்லை. சிறுசேரி சிப்காட் பூங்காவில் இருப்பவை போன்ற தரவு மையங்களில் ஒரு பெரிய இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடும். தாய் இயந்திரம் நெருக்கடியில் இருந்தால் ஒரு மெய்நிகர் கோருக்கு விநாடிக்கணக்கில் முறையே வராமல் போகலாம். உள்ளிருக்கும் கெர்னலுக்கு நேரம் ஓடியது தெரிகிறது, தான் ஓடவில்லை என்பது தெரியவில்லை. அழைப்புத் தடம் ஒவ்வொரு முறையும் சம்பந்தமில்லாத வெவ்வேறு இடங்களைக் காட்டும். அப்போது உள்ளே தேடிப் பயனில்லை. பறிபோன நேரம் எவ்வளவு என்று கெர்னல் தனியே வைக்கும் கணக்கைப் பார்த்துவிட்டு, தாய் இயந்திரத்தை நோக்கித் திரும்ப வேண்டும்.

சில அறிக்கைகளில், காத்திருப்புக் காலத்தை நடத்தும் கெர்னல் பணியே பட்டினி கிடப்பதாக ஒரு வரி வரும். மிக உயர்ந்த முன்னுரிமை தரப்பட்ட ஒரு புரோகிராம் கோரை விடாமல் பிடித்திருந்தால் இப்படி ஆகும். தேங்கியதாகப் பெயர் வந்த கோர் அங்கே குற்றமற்றது.

புதிதாக வடிவமைத்த ப்ராசஸரில் முதன்முறை லினக்ஸ் ஏற்றுகிறவர்களும் தேக்க எச்சரிக்கையைச் சந்திப்பார்கள். டிக் எண்ணிக்கை 0 என்று வந்தால் அவர்கள் முதலில் பார்ப்பது கடிகாரக் குறுக்கீட்டை. 2018-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி ப்ராசஸர் லினக்ஸை இயக்கியது. இந்த நாட்டில் ப்ராசஸர் செய்கிறவர்கள் பெருகப் பெருக, இந்த அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர்களும் பெருக வேண்டியிருக்கும்.

ப்ராசஸரே பழுதாகி ஒரு கோர் பேச்சை நிறுத்திக்கொண்ட நிகழ்ச்சிகளும் நடந்திருக்கின்றன. ஆனால் அந்த முடிவுக்கு எல்லாவற்றையும் பார்த்த பிறகு கடைசியாக வர வேண்டும். எடுத்த எடுப்பில் அதற்குப் போனால் நல்ல ப்ராசஸரைத் தூக்கியெறிந்துவிட்டு அரித்த கேபிளை வைத்துக்கொண்டிருப்போம்.

எல்லையை உயர்த்தும் ஆசை

21 விநாடி என்பது மாற்றக்கூடிய எண். அதை 60 ஆக்கினால் நம் பொரிப்பகத்தில் எச்சரிக்கையே வராது. 25 விநாடித் தேக்கம் அப்படியே இருக்கும், காற்றூட்டி தாமதமாகவே ஓடும், பதிவேடு மட்டும் சுத்தமாக இருக்கும். இதைத் தீர்வு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: காரணம் தெரியும்வரை அந்த எண்ணைத் தொடக்கூடாது.

காக்க வேண்டியது முதல் அறிக்கையை. ஒரு தேக்கம் இன்னும் பலவற்றைத் தேங்கவைக்கும். அடுத்தடுத்து வரும் எச்சரிக்கைகள் விளைவுகளைச் சொல்லும், முதலாவதுதான் தொடக்கத்தைச் சொல்லும். அதை முழுமையாக, ஒரு வரியும் விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் திரும்பத் துவங்கினாலும் அழியாத நினைவகத்திலோ வலை வழியாக வேறொரு கணினியிலோ சேமிக்கும் வசதிகள் கெர்னலில் உண்டு. கோளாறு வருவதற்கு முன்பே அவற்றைத் தயார்செய்து வைக்க வேண்டும்.

இதைக் கற்க அணு உலையோ தரவு மையமோ வேண்டியதில்லை. ஆர்.சி.யு.வைச் சோதிப்பதற்கென்றே கெர்னலோடு ஒரு பகுதி வருகிறது. ஒரு கோரை இத்தனை விநாடி தேக்கிவை என்று அதற்குக் கட்டளை தரலாம். செங்கல்பட்டில் ஒரு பாலிடெக்னிக் மாணவர் தன் மடிக்கணினியில் மெய்நிகர் லினக்ஸ் ஒன்றை நிறுவி, 25 விநாடித் தேக்கத்தைத் தானே உண்டாக்கி, வரும் அறிக்கையை வரிவரியாகப் படிக்க முடியும். தேங்கியது யார், எழுதியது யார், டிக் எத்தனை, தடத்தின் கீழ்வரி என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதிப் பழகட்டும். காரணத்தைத் தானே வைத்திருப்பதால் தன் விடை சரியா என்று உடனே தெரிந்துவிடும்.